செவந்திக்கு வசனம் குறைந்த விதம்

கதவைத் திறந்தது மாசிலாமணி வாத்தியார் இல்லை, அவர் மகள் அஞ்சம்மாள். இதற்கு முன் நான்கு தடவை அம்சா இந்தத் திண்டிவனம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான்கு தடவையும் கதவுக்குப் பின்னாலிருந்து காபி டம்ளரை நீட்டிய ஒரு கையைத்தான் பார்த்திருக்கிறாள். இன்றைக்குத்தான் முழு ஆள் கண்ணில் பட்டது. முப்பதை நெருங்கும் வயது. அப்பா போஸ்டாபீசு போயிருக்கிறார், உட்கார், என்பதையெல்லாம் கைச்சாடையிலேயே சொல்லி முடித்துவிட்டு, முறத்தை இழுத்து மல்லாட்டை உடைத்துக் கடலை உரிக்க ஆரம்பித்தாள்.

அம்சாவுக்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. வாத்தியாரின் பேட்டியை ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ள அவர் சம்மதம். மற்றதெல்லாம் விழுப்புரத்தில் டைப் அடித்துத் தயார். திங்கட்கிழமை சமர்ப்பித்தால் ஜூனில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை. தவறினால் வீட்டில் பேசி வைத்திருக்கும் வானூர் மாப்பிள்ளை. நடுவில் வேறு வழி கிடையாது.

ஆய்வு, வாத்தியார் எழுதிய ‘ஏரிக்கரைத் தீர்ப்பு’ நாடகத்தைப் பற்றியது. அனந்தபுரம் பக்கத்துத் திருவிழாக்களில் மூன்று வருஷம் தொடர்ந்து போட்ட நாடகம். ஒவ்வொரு தடவையும் போலீஸ் ஸ்டேஷனில் பிரதி கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்ததால், எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று என்று முத்திரை குத்திய மூன்று பிரதிகள் மிஞ்சியிருந்தன. அதில் செவந்தி என்று ஒரு பதிமூன்று வயதுப் பெண். முதல் பிரதியில் அவளுக்கு நாற்பத்து மூன்று வசனம். அடுத்ததில் பத்தொன்பது. கடைசியில் ஒன்றே ஒன்று. ஒரு நாடகாசிரியர் இளம் பாத்திரத்தைப் பேச்சிலிருந்து மௌனத்துக்கு எப்படி வளர்த்தெடுக்கிறார் என்று அறுபது பக்கம் எழுதியிருந்தாள் அம்சா. அவளுடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் கிருஷ்ணசாமி படித்துவிட்டு, இதுதான் ஆய்வேட்டின் முதுகெலும்பு என்றார். வாத்தியாரும் பேட்டியில், பாத்திரம் வளர வளர வார்த்தை குறைய வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தார்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் இதையெல்லாம் அம்சா வாய் ஓயாமல் சொன்னாள். தனக்கு ரொம்பப் பிடித்த வசனத்தையும் சொன்னாள். தாயைக் கட்டிலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போது செவந்தி பின்னாலேயே ஓடி, ‘ஜல்தி வந்துடும்மா, எனக்கு சடை பின்னத் தெரியாது’ என்பாள். என்ன கற்பனை பாருங்கக்கா, என்றாள்.

மல்லாட்டை உடைபடும் சத்தம் நின்றது.

“அது நான் சொன்னது,” என்றாள் அஞ்சம்மாள். குரல் கரகரத்தது. “எங்கம்மாகிட்ட. அவங்க திரும்பி வர்ல.”

அஞ்சம்மாள் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

“மொத வருசம் முன்னாடி வரிசைல உக்காந்து பாத்துக்கினு இருந்தேன். பொம்பள வேசம் கட்ன பையன் ஒருத்தன் கீச்சுக் கொரல்ல அத சொல்றான். ஊரே சிரிக்குது. அப்பாவும் ஓரமா நின்னு சிரிக்கிறாரு. நான் வூட்ல பேசனது, தூக்கத்துல ஒளறனது, எல்லாம் அந்தப் பையன் வாய்ல வருது. அதுக்கப்பறம் வூட்ல பேசறத கொறச்சிக்கினேன். எழுத அவருக்கு ஒண்ணும் கெடைக்கல. வேறென்ன வளர்ச்சி கண்டுட்ட நீ?”

“வாத்தியாருக்கு இது தெரியுமாக்கா?”

“கேட்டாதான?”

அறுபது பக்கமும் ஒரே நிமிஷத்தில் பொய்த்துப்போனது. கூடவே, இதைச் சேர்த்தால் இதுவரை எவரும் எழுதாத ஆய்வு ஆகிவிடும் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்புக்கு அம்சா வெட்கப்படுவதற்குள் அஞ்சம்மாளின் பார்வை இறங்குவதைக் கவனித்தாள். அம்சாவின் மடியில் நோட்டு திறந்திருந்தது. பேனா மூடி கழன்றிருந்தது. சடை, கீச்சுக் குரல், தூக்கத்து உளறல், ஒன்று விடாமல் நீல மையில் ஈரமாகக் கிடந்தன. எப்போது எழுத ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“நீயும் எழுதிக்கினியா,” என்றாள் அஞ்சம்மாள். கோபமே இல்லை அதில். முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். மாசிலாமணி வாத்தியார் வேர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“வந்து நேரமாச்சாம்மா? பேச்சுத் தொணைக்குக்கூட ஆள் இருந்திருக்காதே. இவ கொணமே அப்படி, கொழந்தையிலேர்ந்து ஊமைக்கோட்டான்.” சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார். “எங்க கையெழுத்து? அந்த நோட்ட இப்படிக் குடு, அடியில வெச்சுக்கறேன்.”

கொடுக்கலாமா என்று அம்சா நினைத்து முடிப்பதற்குள் திறந்தபடியே அதை அவர் வாங்கிவிட்டார். பக்கத்தைப் பார்க்கவில்லை. அம்சா எடுத்து வைத்திருந்த சம்மதக் கடிதத்தை அதன் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துச் சரி செய்தார். நிதானமாக, சுழி போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு மை காயட்டும் என்று கடிதத்தை மட்டும் எடுத்து, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஊதினார்.

கடிதத்தின் முதுகில், அம்சாவுக்கும் உள்ளறை வாசலில் நின்ற அஞ்சம்மாளுக்கும் நேரே, நோட்டிலிருந்த நீல வரிகள் வலமிடமாகத் திரும்பி அப்பியிருந்தன. அவர் ஊத ஊதக் காகிதம் படபடத்தது.