பச்சை பிடித்த விரிப்புகள்

என் தம்பிக்கு நீர்வளத் துறையில் வேலை. மலைமேல் பெய்யும் மழை மண்ணுக்குள் எப்படிப் போய் எங்கே வெளிவருகிறது என்று பார்ப்பதற்குச் சம்பளம். “தண்ணி கீழதான்டா போகும், இதுக்கு ஒரு படிப்பா?” என்று நான் கேட்காத நாள் கிடையாது. எனக்குச் சலவைக்கடை.

அந்த வருஷம் மலை உச்சியில் கல்குவாரி தோண்ட அனுமதி கேட்டார்கள். ஊர் குடிக்கிற ஊற்றுக்கு அங்கிருந்துதான் தண்ணீர் வருகிறது, தோண்டினால் வற்றிவிடும் என்றான் தம்பி. விசாரணை அதிகாரிகள் ஆதாரம் கேட்டார்கள். உச்சியில் மழைநீர் உள்ளிறங்கும் பள்ளத்தில் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு, ஊற்றடியில் பாட்டிலோடு தவம் கிடந்தான். சாயம் வரவே இல்லை. விசாரணைக்கு முந்தின நாள் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

மறுநாள் காலையில் ஊற்றுத் தண்ணீர் வரும் குழாயைத் திறந்து, ஹோட்டல் விரிப்புகளைத் தொட்டியில் ஊறப்போட்டேன். திரும்பி வந்து பார்த்தால், ஐயையோ! டம்ளரில் தெரியாத நிறம் வெள்ளைத் துணியில் பச்சைப்பசேலென்று பிடித்திருந்தது. “கட்டையில போறவனே, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டியேடா!” என்று போனில் கத்தினேன். ஓடிவந்தவன் ஈர விரிப்பைக் கட்டிக்கொண்டு அழுதான்.

“வந்துருச்சுக்கா! பாட்டில்ல காட்டினா நானே கலந்துட்டேன்னு சொல்லுவாங்க. இது அந்தக் குவாரிக்காரரோட ஹோட்டல் விரிப்பு.”

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. என் கடையில் பாதி வேலை அங்கிருந்து வருவது.

“விசாரணைக்கு நீ வரவேணாம்க்கா.”

“வாய மூடிட்டு அந்த முனையப் பிடி. மடிக்கணும்.”

விசாரணையில் எல்லார் முன்னாலும் விரித்துக் காட்டினேன், என் குழாய்த் தண்ணீர்தான் என்று சாட்சி சொன்னேன். குவாரிக்காரர் என்னை முறைத்தார்.

“நாளையிலேருந்து உனக்குத் துணி வராது.”

“அனுப்பாதீங்க. எங்க கொண்டுபோய்த் துவைச்சாலும் இந்தத் தண்ணிதான் சார்!”

குவாரி வரவில்லை. ஹோட்டல் துணியும் வரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் தம்பி வந்து இஸ்திரி மேஜை ஓரமாக நின்றான்.

“உன் பொழப்பக் கெடுத்துட்டேன்க்கா.”

“தண்ணி இருக்குல்லடா, பொழைச்சுக்கலாம். போய்ச் சாப்பிடு.”

பிழைத்துத்தான் இருக்கிறேன். ஊற்று இந்தக் கோடையிலும் வற்றவில்லை. வாய் நிறையத் திட்டுவதற்குத்தான் அவன் இப்போது உயிரோடு இல்லை.