பதினோரு பேர் போதும்

ஓடாத வண்டியை எவனாவது விலைக்குக் கேட்பானா, ஓடுவதைத்தானே விற்க முடியும் என்கிறான், லாபம் தருகிற ஆலையை ஏன் விற்கிறீர்கள் என்று யாரோ கேட்டதற்கு அதையும் ஒரு பதிலென்று சொல்கிறான் அந்த அதிகாரி, ரியோ தலைமை அலுவலகத்திலிருந்து விமானம் ஏறி வந்து, உணவுக்கூடத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல்... நேற்றே எழுந்து கேட்டிருக்க வேண்டும், லாபம் தருவதையெல்லாம் விற்றுவிட்டால் கச்சா எண்ணெய் விலை விழுகிற வருடம் எதை வைத்துச் சமாளிப்பீர்கள் என்று, கேட்கவில்லையே, வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று ஜெனிவால்டோ தன்னையே திட்டிக்கொண்டார், திட்டியும் ஆறவில்லை. கம்பெனிப் பேருந்து கந்தேயாஸ் ஊரைத் தாண்டி அலையாத்திக் காட்டு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது, காலை ஆறு மணி, மனைவி எத்வானியா வைத்த சோளப் புட்டையும் முட்டையையும் பாதியில் தள்ளிவிட்டு வந்திருந்தார், அவளிடமும் எரிந்து விழுந்தாயிற்று, அவள் என்ன செய்வாள் பாவம், அவளா மசகெண்ணெய் ஆலையை விற்கிறாள், மரேசோல் விற்கிறது. கடலைத் துளைத்து எண்ணெய் எடுக்கிற மரேசோல், ஊருக்கு ஊர் பெட்ரோல் பங்க் வைத்திருக்கிற மரேசோல், அவருடைய இருபத்தொன்பது வருடங்களை விழுங்கிய மரேசோல், ஒரு வருடம்கூட நஷ்டம் காட்டாத ஆலையைத் தூக்கி யாரோ ஒருவன் கையில் கொடுக்கப் போகிறது.

ஆழ்கடல்தான் இனிமேல் எல்லாம் என்கிறார்கள், அங்கே போடுவது மூன்று மடங்காகத் திரும்புமாம், மசகெண்ணெயில் ஒன்றரை மடங்குதானாம், ஆகவே நமக்கு நன்றாக வருகிற வேலையை மட்டும் செய்வோம், மற்றதை விற்போம்... கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். ஆனால் குழாய்? எரிவாயுக் குழாயை விற்றபோதும் இதையேதானே சொன்னார்கள், தானே பதித்த குழாயில் தன் வாயுவை அனுப்ப இன்று மரேசோல் வாடகை கட்டுகிறது, சொந்த வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் குடக்கூலிக்கு இருக்கிற புத்திசாலிகள். இதை உரக்கவே சொல்லிவிட்டார் போலிருக்கிறது, பக்கத்து இருக்கையில் அதெல்மோ கண் விழித்தான், கலவைத் தொட்டியில் அவருக்குக் கீழே வேலை செய்பவன், விழித்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

"எதுக்குண்ணே இப்படிச் சூடாவுறீங்க? எவன் முதலாளியா இருந்தா என்ன, தொட்டியக் கலக்க ஆள் வேணும்ல. புதுசா வர்றவன் சம்பளத்தக் கூட்டினாலும் கூட்டுவான்."

"கூட்டுவான்டா. உன்னப் பல்லக்குல வச்சுத் தூக்கிட்டுப் போவான்."

அதெல்மோ சிரித்தான், அவனுக்கு எல்லாமே சிரிப்பு, மூன்று பிள்ளைகள், கடைசிப் பெண்ணுக்கு ஆஸ்துமா, கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில்தான் அந்தக் குழந்தைக்கு மூச்சே ஓடுகிறது, அப்படியிருந்தும் சிரிப்பு... இவனுக்காகவும் சேர்த்து நான் கோபப்பட வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

ஆலை வாசலில் தொழிற்சங்கத்தின் ஒலிபெருக்கி லாரி குறுக்கே நின்றது. பெரிய முடிவென்றால் இங்கே அப்படித்தான், உள்ளே போகிற ஷிப்டும் வெளியே வருகிற ஷிப்டும் வாசலிலேயே நின்று பேசிக் கைதூக்கிவிட்டுத்தான் நகரும். சங்கத் தலைவி தல்வா லாரி மேல் நின்றிருந்தாள், தலைமை அலுவலகத்தில் ஏதோ ஒரு புண்ணியவான் கசியவிட்டதாம், வாங்க வருகிறவர்களுக்காக எழுதிய விற்பனைக் குறிப்பு, அதில் ஒரு பக்கத்தை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஜெனிவால்டோ கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார், படிக்கப் படிக்கக் கொதித்தது, ஆலையின் பெருமையெல்லாம் வரிசையாக, பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதைப் போல, தொட்டிகள் சுத்தம், ஆய்வகம் கச்சிதம், ஊழியர்கள் அனுபவசாலிகள்... அப்புறம் அந்த வரி. ஒரு ஷிப்டை இருபத்திரண்டு பேருக்குப் பதிலாகப் பதினோரு பேரை வைத்து, உற்பத்தி ஒரு லிட்டரும் குறையாமல் நடத்த முடியும், நடத்திக் காட்டப்பட்டிருக்கிறது. எந்த நாய் சொன்னது இதை, எவன் வாய் என்று நாக்கு நுனிவரை வந்தது, வந்து அப்படியே நின்றது. ஒரு லிட்டரும் குறையாமல்.

ஆகஸ்டில் நான்கு பேர் வந்தார்களே... தர விருதுக்காக ஆலையைப் பார்க்க வந்திருக்கிறார்கள், நன்றாகச் சுற்றிக்காட்டுங்கள் என்று மேலாளர் சொன்னார், காட்டினார், இத்தனை வருடத்தில் அவருடைய தொட்டிகளை யாரும் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை, அதிலும் அந்தக் குறிப்பேட்டுக்காரப் பெண், சாவ் பாவ்லோக்காரி, கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டே வந்தாள், உச்சி குளிர்ந்துவிட்டது மனிதருக்கு. காபி ஊற்றிக் கொடுத்தார். ஊற்றிக்கொண்டே சொன்னார், அய்யோ, தன் வாயால் சொன்னார், "சான் ஜோவாவ் திருவிழான்னா பாதிப் பேருக்கு ஜுரம் வந்துரும்மா, டாக்டர் சீட்டு குடுத்துட்டு உள்ளாற சொந்த ஊருக்குப் போயிருவாங்க. இந்த ஜூன்ல நாங்க பதினோரு பேர்தான், மூணு நாளு, ஒரு லிட்டர் குறையல." அவள் சிரித்தாள், எழுதிக்கொண்டாள், அவரும் சிரித்தார், விருதுமில்லை ஒன்றுமில்லை, இந்த விற்பனைக் குறிப்புக்குத்தான் அந்த எழுத்து. பெருமையடித்துக்கொண்டது அவர்தான், வேறு யாருமில்லை. அது வேலைத் திறமையா என்ன, அது ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பது, இந்த வருடம் இவர்கள் போய்த் திருவிழா நெருப்பைச் சுற்றி ஆடட்டும், அடுத்த வருடம் அவர்கள், இருப்பவன் இரண்டு ஆள் வேலையை இழுப்பான், மேற்பார்வையாளர் சீட்டைத் திருப்பிப் பார்க்க மாட்டார். மூன்றாம் நாள் இவரே முழங்கால் வீங்கி ஏணியில் உட்கார்ந்துவிட்டாரே, நான்காம் நாளென்று ஒன்று இருந்திருந்தால் எதையாவது கொட்டிக் கவிழ்த்திருப்பார்கள், அதைச் சொன்னாயா, அந்தப் பெண்ணிடம் அதைச் சொன்னாயா... நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எந்தப் பாவிண்ணே இதச் சொல்லிருப்பான்?" அதெல்மோ தாளைக் காட்டினான். முதல் முறையாக அவன் சிரிக்கவில்லை. ஜூனில் ஜுரம் வந்தவர்களில் அவனும் ஒருவன், மகள் திருவிழாவில் ஆடுவதைப் பார்க்கப் போயிருந்தான்.

"தெரியலடா."

இப்போது சொல்லிவிடலாம், லாரி மேல் ஏறி, நான்தான், விவரம் தெரியாமல் உளறிவிட்டேன் என்று... தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யார் சொன்னார்கள் என்று நமக்குள் தேட வேண்டாம் தோழர்களே, அதற்குத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள் என்று தல்வா மேலேயிருந்து சொன்னாள், அவரைப் பார்த்துத்தான் சொன்னாளா, இல்லை, எல்லோரையும் பார்த்துத்தான். ஆலையை விற்கக் கூடாது என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். ஜெனிவால்டோவின் கைதான் முதலில் போனது, ஆத்திரத்தோடு போனது, யார் மேல் ஆத்திரம், ரியோக்காரன் மேலா, அந்தக் குறிப்பேட்டின் மேலா... சுற்றிலும் கைகள் எழுந்தன, அவருடைய ஷிப்டு முழுவதும் எழுந்தது, அவர் ஒவ்வொரு கையாகப் பார்த்தார், பம்பின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்பவன், இவன் வேண்டும், ஆய்வகத்துப் பெண், அவள் இல்லாமல் முடியாது, அந்தத் தாடிக்காரன், ஒரு நாளும் லீவு போடாதவன், அவனும்... பதினோராவது ஆளிடம் வந்து நின்றபோதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது தெரிந்தது. எண்ணத் தொடங்கியது தன்னிடமிருந்து. அந்தப் பதினோரு பேரில் அதெல்மோ இல்லை. அவன் கை பக்கத்தில் இன்னும் உயர்ந்தே இருந்தது, அவருடைய கையை உரசிக்கொண்டு.