எட்டாவது சுற்றில் ஒரு குரல்

குத்துச்சண்டை நடத்துகிறவர்களை ஒடோய் நம்புவதில்லை. நடுவர்களை அறவே நம்புவதில்லை. அவர் நம்பியது ஆயிக்கு என்கிற குத்துச்சண்டைக்காரன் ஒருவனைத்தான். கானா நாட்டு அக்ராவின் புக்கோம் சந்துகளில் அடித்தும் அடி வாங்கியும் முப்பத்தொன்பது வயதுக்கு வந்துவிட்டவன். அவன் ஏறிய மேடைக்கெல்லாம் ஒடோய் தன் இரும்பு மணியோடு போயிருந்தார். ஆட்டம் முடியும்வரை கை ஓயாமல் அடிப்பார்.

அவனுடைய கடைசி ஆட்டம் ஏப்ரலிலேயே முடிந்திருக்க வேண்டியது. எதிராளியான குமாசி ஊர்க்காரனுக்குக் காய்ச்சல் கண்டது. தள்ளிப்போட்ட புத்திசாலிகள் அதைக் கொண்டுபோய் ஹோமோவோ திருவிழாவுக்கு முந்தைய மௌன மாதத்தில் வைத்தார்கள். சோளம் விளைகிற அந்த மாதத்தில் அக்ராவில் மேளச் சத்தமே எழக்கூடாது. ஊர்ப் பெரியவர்கள் ஒரு நிபந்தனையோடுதான் விட்டார்கள்: மேளம், ஊதல், பாட்டு, கூச்சல் எதுவும் கிடையாது.

அரங்க வாசலில், கென்கே என்கிற சோள உருண்டை விற்கும் கோர்க்கோ மறித்தாள்.

"மணி எங்க பெரியவரே?"

"வீட்டுல."

"நம்பலாமா?"

"சந்தேகமா இருந்தா சட்டையத் தடவிப் பாரு."

"இந்த வயசுல ஆசையப் பாரு," என்று வழிவிட்டாள்.

இத்தனை வருடம் சண்டையைக் கண்ணால் மட்டுமே பார்த்திருக்கிறோம் என்று முதல் சுற்றிலேயே ஒடோய்க்குத் தெரிந்தது. பெரிய மீனைப் படகுப் பலகையில் அறைவது போலக் கையுறை விலாவில் விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஆயிக்குவின் தொண்டையில் ஒரு சின்ன முனகல். அது போன வருடமும் வந்திருக்கும், அதற்கு முன்பும் வந்திருக்கும். இவர் மணியடித்துக்கொண்டிருந்தார்.

மொத்தம் பத்துச் சுற்று. ஏழு முடிந்தபோது புள்ளியில் ஆயிக்குதான் முன்னால் இருந்தான். மூலையில் உட்கார்ந்து பயிற்சியாளர் கோமியிடம் கேட்டான்:

"அடுத்தது எத்தனாவது?"

"எட்டு."

தண்ணீர் குடித்தான். "எத்தனாவது?"

"எட்டுடா."

எழுந்து நின்று மறுபடியும் கேட்டான்.

ஒடோய்க்கு அர்மாவின் நினைவு வந்தது. அந்தக் குத்துச்சண்டைக்காரனும் மேடையில் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தான். இன்று அவனுக்கு அவன் அக்கா ஊட்டிவிடுகிறாள்.

எட்டாவது சுற்றில் குமாசிக்காரனின் கை இரண்டு முறை ஆயிக்குவின் காதோரம் இறங்கியது. ஒடோய் எழுந்தார்.

"போதும், நிறுத்துங்கடா!"

மேளம் முழங்கும் நாளாக இருந்தால் அந்தக் குரல் பக்கத்து நாற்காலிக்குக்கூடப் போயிருக்காது. இன்று கூரைவரை போனது. கோமியின் கையில் துண்டு ஏற்கனவே தயாராக இருந்தது. யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தவன் போல அதை மேடைக்குள் வீசிவிட்டான். துண்டு விழுந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு; ஆட்டம் முடிந்தது. குமாசிக்காரன் ஜெயித்தான். அவனுக்கே ஒன்றும் புரியவில்லை.

வெளியே வரும்போது ஒருவரும் ஒடோய் பக்கம் நடக்கவில்லை. மேடையடியில் இருபது வருடம் அவரோடு நின்று பாடியவர்கள்தான்.

திங்கட்கிழமை காலை கோர்க்கோவின் கடைக்குப் போனார்.

"கென்கே தீந்துபோச்சு," என்றாள் அவள், முகத்தைப் பார்க்காமல். பானையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் ஆயிக்கு வந்தான். ஒரு கண் மூடிக் கிடந்தது.

"ரெண்டே சுத்து பெரியவரே. சும்மா நின்னிருந்தாலே ஜெயிச்சிருப்பேன்."

"எத்தனாவது சுத்துன்னு மூணு தடவ கேட்டடா."

"நான் எப்பவும்தான் கேப்பேன். பத்து வருசமாக் கேக்குறேன். உங்களுக்குத்தான் காதுல விழல."

"அப்ப பத்து வருசம் முன்னாடியே கத்தியிருக்கணும்," என்றார் ஒடோய்.

ஆயிக்கு கோர்க்கோவின் பக்கம் திரும்பி இரண்டு கென்கே கேட்டான். ஒடோய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் பானையைத் திறந்து அவனுக்கு எடுத்துக் கொடுத்தாள். மிளகாய் விழுதும் வைத்தாள்.