ஆறாத வால்வ் கவர்

டெக்சாஸ் மாநிலம் கேட்டியில், நஞ்சப்பன் வீட்டு ஓவனில் 2018 அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் சுட்டெடுத்த வால்வ் கவர் இன்றுவரை ஆறவில்லை. இருநூறு டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தார். இன்றைக்கும் இருநூறு டிகிரிதான். அமெரிக்கக் கணக்கில் சொல்கிறேன், நம் கணக்கில் தொண்ணூற்று மூன்று. அந்தத் தெருவில் வீடு பார்க்க வருகிறவர்களிடம் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்பதோடு இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது வழக்கம்.

வால்வ் கவர் என்பது கார் இஞ்சினின் தலைமேல் கவிழ்ந்திருக்கும் அலுமினிய மூடி. இட்லிப் பானைக்கு மூடி மாதிரி, உள்ளே கொதிப்பது வெளியே தெறிக்காமல் பார்த்துக்கொள்ளும். பானெட்டைத் திறந்தால் ஒழிய யார் கண்ணிலும் படாது. அப்படிப்பட்ட சாமானுக்கு ஆரஞ்சு நிறத்தில் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று நஞ்சப்பனுக்கு ஏன் தோன்றியது என்று கேட்டால், ஆயில் மாற்றுகிற மெக்கானிக் தன் காரை ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவரிடம் வேறு பதில் இல்லை. அவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். எண்ணெய்க் கம்பெனி ஒன்றில், கொதிக்கிற எண்ணெயைக் குழாய்க்குள் ஓடவிட்டு ஆறவைக்கும் எந்திரங்களை வரைவது உத்தியோகம். உலகத்தில் எதை ஆறவைக்க வேண்டுமென்றாலும் கூப்பிட வேண்டிய ஆள் அவர்தான் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

வேலையை அவர் ஒழுங்காகத்தான் செய்தார். முதல் நாளே கவரைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட் ஓட்டைகளை டேப்பால் மூடினார். கராஜில் துணி ஹேங்கரில் தொங்கவிட்டு, பத்து பத்து நிமிஷம் இடைவெளி விட்டு மூன்று கோட் ஸ்பிரே அடித்தார். பெயின்ட் இறுக ஏழு நாள் ஆகும், அவசரமென்றால் ஓவனில் சுடலாம் என்று டின்னில் போட்டிருந்தது. பெண் பார்க்கப் போன அன்றே கல்யாணத் தேதியும் குறித்துக்கொண்டு வந்தவருக்கு ஏழு நாள் எந்த மூலைக்கு. கவருக்கு அடியில் போடும் கேஸ்கெட் என்ற ரப்பர் விளிம்பை மாட்டி ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துவிட வேண்டும் என்பது திட்டம்.

நம்மவர் வீட்டில் ஓவன் என்பது ஓர் அலமாரி என்பது தெரிந்ததே. உள்ளே வாணலி, அப்பச் சட்டி, தோசைக் கல் எல்லாம் அடுக்கியிருக்கும். குளிர்காலத்தில் அவற்றை எடுத்துவிட்டு, விளக்கை மட்டும் போட்டு, மாவு பொங்க வைப்பார்கள். நஞ்சப்பன் முன்யோசனைக்காரர். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஓவனைக் காலி செய்து, பாத்திரங்களையெல்லாம் கராஜில் வாஷிங் மெஷின் ஓரமாக இறக்கி வைத்துவிட்டார். அவற்றில் ஏழு குழிப் பணியாரக் கல் ஒன்று இருந்தது. மனைவி புஷ்பவல்லி அதைக் கோபியிலிருந்து கைப்பையில் வைத்துக் கொண்டுவந்து, துபாயில் மூன்று அதிகாரிகளிடம் இது ஆயுதம் இல்லை என்று நிரூபித்து, பதினோரு வருஷம் எண்ணெய் காட்டிப் பழக்கி வைத்திருந்தார்.

பியர்லேண்ட் கோயிலுக்குப் போயிருந்த புஷ்பவல்லி திரும்பி வந்தபோது, சமையலறையில் பெயின்ட் நெடி மூக்கைத் துளைத்தது. ஓவனுக்குள் இஞ்சின் சாமான் ஒன்று கேக் மாதிரி உட்கார்ந்திருந்தது. கராஜில் பணியாரக் கல்லின் ஏழு குழிகளிலும் மாவு தூவினதுபோல ஆரஞ்சு படிந்திருந்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் இந்தக் கதை அன்று மாலையே முடிந்திருக்கும்.

"அந்தச் சாமானம் ஆறட்டுமுங்க. அது ஆறுன பொறவுதான் உங்ககூடப் பேச்சு" என்றார்.

நாற்பது நிமிஷம் ஆகும் என்று நஞ்சப்பன் மனதுக்குள் கணக்குப் போட்டார். அலுமினியம் சீக்கிரம் ஆறும். பாதகமில்லை.

மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார். திங்கட்கிழமை அதை ஃப்ரீசரில் வைத்தார். துருவி வைத்திருந்த தேங்காய் அவ்வளவும் உருகிச் சேர்ந்து ஒரே கட்டியானது. கேஸ் ஸ்டேஷனில் எட்டுப் பை ஐஸ் வாங்கித் தொட்டியில் கொட்டி உள்ளே போட்டார், வெந்நீர் கிடைத்தது. குடியிருப்பின் நீச்சல் குளத்தில் கயிறு கட்டி இறக்கினார். அந்த நவம்பரில் குழந்தைகள் பத்து நாள் இதமாக நீந்தின. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் சேனாபதி அங்கிள் குளத்தில் ஆட்டோமொபைல் சாமான்கள் கூடாது என்று கடிதம் அனுப்பிவிட்டு, தானே லேசர் தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு அளக்க வந்தார். இருநூறு. ஆபீஸிலிருந்து வந்த நிபுணர்கள் கராஜில் நின்று காபி குடித்துக்கொண்டே வாதம் செய்தார்கள். இப்படி நடக்க வழியில்லை என்று ஒருமனதாக முடிவு செய்துவிட்டுப் போனார்கள். கவர் இரண்டு செங்கல் மேல் கராஜிலேயே இருந்தது. காருக்கு நஞ்சப்பன் வேறு கவர் வாங்கி மாட்டினார். அதற்குப் பெயின்ட் அடிக்கவில்லை.

புஷ்பவல்லி சொன்ன சொல்லில் நின்றார். வீட்டில் சமையல் நடந்தது, துணி துவைத்தாயிற்று, சீட்டும் சினிமாவும்கூட நடந்தன. பேச்சு மட்டும் இல்லை. சொல்ல வேண்டியதை அவர் ஃப்ரிட்ஜிடம் சொன்னார். "ஃப்ரிட்ஜே, சாம்பார்ல உப்புப் பத்துலீன்னா போட்டுக்கச் சொல்லு." நஞ்சப்பனும் ஃப்ரிட்ஜுக்கே பதில் சொல்லப் பழகினார். முதல் வருஷம் மகள் தென்றல் நடுவில் நின்று, "Dad, she's talking to you" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். 2020-ல் எல்லோரும் வீட்டோடு அடைபட்டபோது, ஒரே டைனிங் டேபிளின் இரண்டு முனையில் உட்கார்ந்து இருவரும் ஆபீஸ் வேலை பார்த்தார்கள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களோடெல்லாம் இருவரும் பேசினார்கள். நஞ்சப்பன் அந்த வருஷம் ஆறு கிலோ இளைத்தார். நெஞ்சு முழுக்க ஏக்கம் இருந்தது, ஃப்ரிட்ஜிடம் எத்தனையைத்தான் சொல்வது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களில், வால்வ் கவரிலிருந்து சரியாக மூன்றடி தள்ளி, கராஜில் ஒரு மாவுப் பாத்திரம் இருக்கும். யார் வைத்தது என்று யாரும் கேட்டதில்லை. காலையில் மாவு தளதளவென்று பொங்கியிருக்கும். வால்வ் கவர் எந்தப் பக்கம் இருந்தால் மாவுக்குச் சூடு சமமாகப் படும் என்று நஞ்சப்பன் கணக்குப் போட்டு, செங்கல்லை நகர்த்தி வைப்பார். இரண்டு பேரும் இதைப் பற்றி ஃப்ரிட்ஜிடம்கூடச் சொன்னதில்லை.

2021 பிப்ரவரி பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை, டெக்சாஸ் உறைந்தது. விடியும்போதே கரண்ட் இல்லை. குழாய்களில் தண்ணீர் கெட்டியாகிவிட்டது, மத்தியானம் வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாக வந்தது. ஃப்ரிட்ஜும் செத்துவிட்டதால் புஷ்பவல்லிக்குப் பேச ஆள் இல்லாமல் போனது. இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டு ரூபிகா கதவைத் தட்டினாள். யாழ்ப்பாணத்துப் பெண், புருஷன் துவாரகன் ஆஸ்பத்திரி டியூட்டியில் மாட்டிக்கொண்டிருந்தான். கையில் பிறந்து பத்தொன்பது நாள் ஆன பெண் குழந்தை, வெண்பா.

"அக்கா, பிள்ளைக்குக் கை காலெல்லாம் குளிர்ந்துபோச்சுது. அழக்கூட மாட்டன் எண்டு கிடக்குது" என்றாள்.

நஞ்சப்பன் கையுறை போட்டு, கவரைச் செங்கலோடு கூடத்துக்குக் கொண்டுவந்தார். அரைமணியில் கூடம் இதமானது, குழந்தை வீறிட்டு அழுதது, எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. சேனாபதி அங்கிள் போர்வையும் தெர்மாமீட்டருமாக வந்து சேர்ந்தார். தெருக் கதவைத் திறந்து திறந்து மூடி, இரவுக்குள் பதினான்கு பேர் ஆனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அங்கிள் அளந்தபோது நூற்றுத் தொண்ணூற்றொன்று. தெர்மாமீட்டரைத் தட்டிப் பார்த்து மறுபடி அளந்தார். நூற்றுத் தொண்ணூறு. இரண்டு வருஷம் நாலு மாதத்தில் முதல் தடவையாக அது ஆறிக்கொண்டிருந்தது. அன்று மாலை நூற்று ஐம்பத்திரண்டு. கரண்ட் வரவில்லை. புதன்கிழமை காலை நூற்று இருபது, அப்புறம் நூற்றுப் பதினொன்று. அங்கிள் ஸ்கோர் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். சபதம் தெருவுக்கே தெரியும் என்பதால், ஒவ்வொரு எண்ணுக்கும் எல்லாத் தலைகளும் புஷ்பவல்லி பக்கம் திரும்பின. நஞ்சப்பனின் பாடுதான் படுமோசம். எண் இறங்க இறங்க அவருக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம், அவள் பேசிவிடுவாள். உடனே குழந்தையின் முகம் கண்ணில் படும், தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும். ஆறவைக்கத் தெரிந்தவருக்கு ஆறாமல் காக்க ஒரு வழியும் தெரியவில்லை.

"தொண்ணூற்றாறு" என்றார் சேனாபதி அங்கிள். "இனிமே தொடலாம்மா. ஆறிடுச்சுன்னு வெச்சுக்கலாம்."

வெண்பா அப்போது புஷ்பவல்லி மடியில் இருந்தாள். புஷ்பவல்லி கையை நீட்டிக் கவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எதிரில் நின்றவரைப் பார்த்தார்.

"ஏனுங்க, ஆற விட்டுறாதீங்க."

நஞ்சப்பன் பழக்க தோஷத்தில் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினார்.

"அங்க என்னத்தப் பாக்கறீங்க? உங்களைத்தானுங்க. மூணு நாளா மரமாட்ட நின்னுட்டிருக்கறீங்க. ஒரு போர்வையைப் போடோணும்னு தோணுச்சா? அன்னிக்கும் இப்படித்தான், கேட்டீங்களா ஒரு வார்த்தை? என்ற பணியாரக் கல்லு என்னுங்க பாவம் பண்ணுச்சு?"

"நூத்தி நாலு" என்றார் அங்கிள் மெதுவாக.

புஷ்பவல்லி நிறுத்தவில்லை. பணியாரக் கல்லில் ஆரம்பித்து, உருகின தேங்காய், ஃப்ரிட்ஜிடம் பேசின அவமானம், இளைத்துப் போய் சட்டையெல்லாம் தொங்குவது, அதைக் கேட்கக்கூட முடியாமல் தான் கிடந்தது என்று இரண்டு வருஷம் நாலு மாதத்துப் பாக்கியை வரிசையாக எடுத்தார். நடுநடுவே அழுதார். நூற்று முப்பது, நூற்று அறுபத்தைந்து. மூலையில் உட்கார்ந்திருந்தவர்கள் போர்வையை விலக்கினார்கள். ஒரு கட்டத்தில் மூச்சு வாங்க நின்றபோது ரூபிகா, "நிப்பாட்டாதேங்கோ அக்கா, பிள்ளை இப்பத்தான் நித்திரையாகுது" என்றாள். நஞ்சப்பன் பெரும் குற்றவாளிபோல முன்னால் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீரோடு, ஒவ்வொன்றுக்கும் "ஆமா புள்ள, ஆமா புள்ள" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கின மனிதரை கேட்டியில் யாரும் பார்த்ததில்லை. மத்தியானம் இருநூறு ஆனதும் எண் நின்றது. கரண்ட் வியாழக்கிழமைதான் வந்தது.

வெண்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கவர் அதே இரண்டு செங்கல் மேல் கராஜில் இருக்கிறது. மாவுப் பாத்திரம் மூன்றடியிலிருந்து ஓரடிக்கு வந்துவிட்டது. ஓவனில் பாத்திரங்கள் பழையபடி அடுக்கியிருக்கின்றன. பணியாரக் கல்லை எரித்துத் தேய்த்து மறுபடி பழக்கிவிட்டார்கள். ஒரு குழியின் விளிம்பில் மட்டும் நகக்கண் அளவு ஆரஞ்சு போக மறுக்கிறது. அந்தக் குழிப் பணியாரத்தைப் புஷ்பவல்லி தவறாமல் நஞ்சப்பன் தட்டில்தான் வைக்கிறார். அவரும் முதலில் அதைத்தான் சாப்பிடுகிறார்.