பாறைமேல் பழி

"பெரியம்மா, எங்கம்மா கையை உடைச்சது நீங்கதான்னு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

கேட்டேவிட்டாள் அகேயோ. கேட்கவே கூடாது என்று அவள் அம்மா டோர்கா எத்தனையோ தடவை வாயைப் பொத்திய கேள்வி. ஏரிக்கரை மென்னோனைட் சபையின் பின்புறம், மறுநாள் ஒருவர் காலை ஒருவர் கழுவும் ஆராதனைக்காகப் பெண்கள் பேசின்களை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பெரியம்மா என்று கூப்பிடும் பெரேசியின் கையிலிருந்த பேசின் நழுவி உருண்டு கவிழ்ந்தது.

டகா என்னும் பொடிமீனைக் காயப்போடும் இடத்துக்காகச் சில வருஷம் முன்னால் வந்த சண்டை அது. பக்கத்து வீட்டுப் பெரேசி படகுத் துடுப்பால் அடித்ததைப் பார்த்தவள் அகேயோ ஒருத்திதான். பாறையில் வழுக்கி விழுந்தேன் என்று டோர்கா ஊருக்குச் சொல்லிவிட்டாள். மணிக்கட்டு கோணலாகவே கூடிப்போனது.

மூப்பரின் மனைவி ரோடா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "மனஸ்தாபத்தோட யாரும் கால் கழுவக் கூடாது, திருவிருந்து அப்பத்தைத் தொடக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா? தகராறு உண்டா இல்லையா? உண்டுன்னா ரெண்டு பேருக்கும் நாளைக்குப் பின்பெஞ்சுதான்."

"தகராறா, எனக்கா?" டோர்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நான் வழுக்கி விழுந்தேன். பிள்ளை முவான்சா பட்டணத்துல போயி சட்டம் படிச்சிருக்கு. வழக்கு கிடைக்காம வீட்டுக்குள்ளயே தேடுது."

பெண்கள் சிரித்தார்கள். பெரேசி சிரிக்கவில்லை.

"விடியறதுக்குள்ள தீர்த்துட்டு வாங்க" என்றாள் ரோடா.

வீட்டில் டோர்கா இடது கையால் மக்காச்சோள உகாலிக் களி கிண்டினாள்.

"கோயில்லயே பொய் சொல்றியேம்மா, வெக்கமா இல்ல உனக்கு?"

"இல்ல. பானையைப் பிடி, ஆடுது."

அகேயோ பிடித்துக்கொண்டாள். எவ்வளவு கோபத்திலும் அம்மா சொன்னால் கை தானாகப் போய்விடுகிறது. அதில் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல்.

"நீ கேட்டா அது தகராறுன்னு ஆயிடும்டி. நாளைக்கு நான் அவ காலைத் தொட முடியாது. ஒவ்வொரு தடவையும் இந்தக் கோணக் கையாலதான் அவ குதிங்காலைப் பிடிப்பேன், தெரியுமா? அப்புறம் அவ என் காலைக் கழுவறப்போ பாதத்துல முகத்தை வெச்சு அழுவா. வாயை மட்டும் திறக்க மாட்டா. நீ சொன்ன மாதிரி போலீசுக்குப் போயிருந்தா எனக்கு என்ன கிடைச்சிருக்கும்? சிலுவையில தொங்கின நம்ம ராஜாகிட்ட வாளும் இல்ல, லாக்கப்பும் இல்ல."

"சரி, உன் ராஜா வாளை எடுக்கல. விசாரணையில ஒருத்தன் அவரை அறைஞ்சானே, அப்போ என்ன பண்ணாரு? வழுக்கி விழுந்தேன்னா சொன்னாரு? ஏன்டா அடிச்சேன்னு கேட்டாரா இல்லையா?"

கிண்டிய கட்டை பானைக்குள் நின்றது. டோர்கா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். "உன்னை ஆடு மேய்க்க விட்டிருக்கணும். படிக்க வெச்சேன் பாரு."

"வெச்சே இல்ல? அனுபவி."

அகேயோ பானையை விட்டாள். அடுப்போரம் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரைப் பேசினில் ஊற்றினாள், துண்டைத் தோளில் போட்டாள்.

"எங்கடி?"

"பெரியம்மா வீட்டுக்கு."

"சண்டைக்கா?"

"கேப்பேன். கத்தாம கேப்பேன். ஒத்துக்கிட்டாலும் கால் கழுவுவேன், ஒத்துக்கலன்னாலும் கழுவுவேன். நாளைக்கு நீ பின்பெஞ்சுல உக்காந்தா அதுக்கு நான்தான் காரணம், திட்டிக்கோ. ஆனா விழுந்தேன்னு மட்டும் இனிமே சொல்லாதே. அந்தப் பாறை உன்னை என்ன பண்ணுச்சு?"

டோர்கா கோணல் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகைதான் என்றாள், கேட்காமலே.

"பச்சைத் தண்ணி கலந்தியா? பெரேசிக்குத் தோலு மெலிசு, வெந்துடும்."

அகேயோ குடத்திலிருந்து ஒரு சொம்பு சாய்த்துவிட்டு, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். பேசினை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெளியே நடந்தாள்.