தடை விதித்த அதிகாரி

ஆவணி பிறந்த இரண்டாம் நாள் திருத்தணி மீன் கடையில், மீன்காரி ஞானம்மாளின் கூடையிலிருந்த மடவை மீன்களை அளந்தேன். நம்பிக்கை வராமல் மறுபடியும் அளந்தேன். ஆனியில் அளந்ததைவிட ஒவ்வொன்றும் ஒரு விரற்கடை நீளம்.

பழவேற்காட்டில் சின்னப் படகில் போய் வலை போடுகிறவர்கள் மீனை வளர விடுகிறார்களா என்று கணிப்பது மீன்வளத் துறையில் என் வேலை. அந்த மீன் ஐஸ் கூடையில் ரயிலேறி எங்கள் ஊருக்கும் வரும். லீவில் வந்தாலும் நான் அளவுகோலை விடுவதில்லை. ஆறு மாதமாகக் குஞ்சு மீனையே அளந்து எரிச்சல்தான் மிச்சம். ஒரு மாதம் வலையை நிறுத்தச் சொல்லி நாங்கள் ஒட்டிய நோட்டீஸைக் கிழித்து அதில் கருவாடு மடித்தார்கள்.

"வலைய யாரு நிறுத்துனது?" என் குரல் கடைக்கோடிவரை கேட்டது.

"கத்தாதம்மா. ஆடிக் கிருத்திகைக்கு இங்க வீட்டுக்கு வீடு காவடி. மாசம் பூரா ஒருத்தரும் கவுச்சி தொடமாட்டாங்க. எங்கள மாதிரி கடக்காரங்க மீன் வாங்கலன்னா படகுக்காரங்க இன்னா பண்ணுவாங்க? வலைய மடிச்சு வச்சிட்டு, அவங்களும் மலையேறி மொட்ட போட்டுகினு போறாங்க."

"வருசா வருசமா?"

"ஆங். எங்க மாமியார் காலத்திலருந்து."

அங்கேயே ஐஸ் பெட்டிமேல் எங்கள் துறையின் கணிப்புப் படிவத்தை விரித்தேன். தடை விதித்த அதிகாரியின் பெயர், முகவரி என்று ஒரு கட்டம் இத்தனை நாளும் காலியாகக் கிடந்தது. சர்ச் உபதேசியார் ஜெபரத்தினத்தின் மகளாகிய நான் அதில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: சுப்பிரமணிய சுவாமி, மலைமேல், திருத்தணி.