நாற்பத்தொரு டிகிரி

மார்ச் 14, வியாழன். இன்று ஒரு சிறு தவறு: சாப்பிட்டு வந்தபின் பக்கத்தைப் புதிதாகத் திறக்காமல் பழைய எண்ணையே படித்தேன்.

இந்தக் குறிப்பை எழுதியவனுக்கு மாலை வகுப்பில் ‘இன்னொருதடவை’ என்று பெயர். எந்தக் கணக்கையும் இன்னொருதடவை போட்டுப் பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் பிடிக்காது. பகலெல்லாம் அச்சக வேலை. அதனால் சோதனைகளை வீட்டு மேசையிலிருந்தே செய்தான். இவன் இங்கே பொத்தானை அழுத்தினால், ஊரின் மறுகோடியில் இருக்கும் ஆய்வகத்தில் ஓர் உலோகக் கம்பி சூடாகும். அதன் வெப்பமும் கேமராப் படமும் இவன் திரையில் ஓர் இணையப் பக்கத்துக்கு வந்துவிடும்.

ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய நேரத்தில், இவனுக்கு முந்தையது ஒரு வகுப்புத் தோழியுடையது. அவள் பித்தளைக் கம்பியைச் சூடாக்கத் தொடங்கியபோதே இவன் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வந்தபோது திரையில் 41. சூடாகி ஆறிவிட்டது என்று நினைத்தான்.

ஆய்வக உதவியாளர் போனில் வந்தார்.

“என்னப்பா இன்னொருதடவை, உனக்குச் செம்புக் கம்பிதானே? பித்தளையைக் கழட்டட்டுமா? எவ்வளவு காட்டுது? இங்க பார்க்கத் திரை இல்ல.”

“நாற்பத்தொண்ணு அண்ணா. கழட்டலாம்.”

“நல்லாப் பார்த்தியா? கையுறையை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். வெறுங்கைதான்.”

“பார்த்துட்டேன் அண்ணா.”

சொல்லிவிட்டு, இன்னொருதடவை பார்த்தான். படத்தில் கம்பி இருந்தது. ஆள் இல்லை.

“அண்ணா, எங்க நிக்கிறீங்க?”

“கம்பிக்கு முன்னாடிதான். ஏன், கேமராவுக்கு என் மூஞ்சி பிடிக்கலையா?”

படம் எப்போதோ உறைந்துவிட்டது. அப்படியானால் 41 என்பதும் கம்பி சூடாகத் தொடங்கியபோது வந்த பழைய எண்தான்.

“தொடாதீங்க அண்ணா! கையை எடுங்க!”

ஏதோ விழுந்து உருளும் சத்தம். “அண்ணா! அண்ணா!”

“கத்தாதே. போன் விழுந்துடுச்சு.”

பாட்டில் மூடி திறக்கும் ஒலி. அடுத்து, கம்பியில் தெளித்த தண்ணீர் ‘சுர்ர்’ என்று சீறியது இவன் காதுவரை கேட்டது.

“நாற்பத்தொண்ணாம்!” என்றார் அண்ணன். கேலி செய்யப் பார்த்தார், குரல் நடுங்கிற்று. “இந்தக் கையை நம்பி வீட்டுல நாலு பேர் இருக்காங்கடா.”

“தப்புதான் அண்ணா. கை...?”

“தப்பிச்சுது. கம்பி ஆறுறதுக்குள்ள உன் நேரம் முடிஞ்சிடும். இன்னிக்குச் சோதனை கிடையாது, போ.”

பக்கத்தை மறுபடி திறந்தான். 158.

அதன்பின் குறிப்பை எழுதி முடித்தான்:

நாளை வேலை: இணைப்பு அறுந்தால் எண் திரையிலிருந்து மறைய வேண்டும் என்று, நடந்ததை விடாமல் சொல்லி, ஆசிரியருக்கு எழுதுவது.